சாக மறந்த தோல்

உப்போடைப்பட்டிக் கீழத்தெருவின் கடைசி வீட்டுக் கொல்லையில் தோல் பதனிடுகிற நான்கு தாழிகள் கழுத்தளவு மண்ணில் பதிந்திருந்தன. முதல் தாழியில் சுண்ணாம்புத் தண்ணீர், இரண்டாவதில் தவிட்டுத் தண்ணீர், மூன்றாவதில் பத்துத் தோலுக்கு உழைத்துக் களைத்துப்போன பழைய ஆவாரம்பட்டைச் சாறு, நான்காவதில் அன்றன்றைக்கு இடித்துப் போட்ட பட்டையின் புதுச்சாறு. இந்த வரிசையைக் குருவம்மா முப்பத்தோரு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் மாற்றினாள். அந்த ஒரு நாள் அவள் கையில் இருந்த தோல்தான் சாக மறந்துபோனது.

வரிசைக்குக் காரணம் உண்டு. பழைய சாற்றுக்கு அவசரம் கிடையாது. அது தோலுக்குள் மெல்ல மெல்ல நுழைந்து எட்டு நாளில் வழி பண்ணி வைத்துவிடும், அந்த வழியில் பிறகு புதுச்சாறு போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். எடுத்த எடுப்பிலேயே புதுச்சாற்றில் போட்டால் மேல்பக்கம் வெடுக்கென்று இறுகிக் கதவைச் சாத்திவிடும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். தோல் வேலை செய்கிற வீட்டில் தவழ்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். குருவம்மாவுக்கு இதற்கு மேலும் ஆயிரம் தெரியும். நனைந்த தோலைக் கட்டைமேல் விரித்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், ஆட்டுக்கு எத்தனை வயசு, எந்தப் பக்கமாகப் படுத்துத் தூங்கும், போன கோடையில் தழையில்லாமல் எத்தனை நாள் வாடியது என்று பக்கத்தில் நின்று வளர்த்தவள் மாதிரி சொல்லிவிடுவாள். எந்திரம் வைத்துத் தோல் போடுகிற டவுன்காரர்கள்கூடத் தங்கள் சொந்தக் காலுக்குச் செருப்பு வேண்டுமென்றால் குருவம்மா கொல்லைத் தோல்தான் வேண்டும் என்று ஆள் அனுப்புவார்கள். வாடையைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். வாடை அடிக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் மேலத்தெருவில் கிழக்குப் பார்த்த ஜன்னலே வைப்பதில்லை.

அவளுடைய புருஷன் எல்லப்பன் தோல் வாங்கப் போகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் ஆடு அறுத்தாலும் உப்புப் பையோடு முதல் ஆளாய்ப் போய் நிற்பார். அப்படி நடந்தே வாழ்ந்த காலில் சர்க்கரை வியாதி வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் விரல் மரத்தது, பிறகு பாதம் மரத்தது, பிறகு கணுக்கால்வரை மரத்தது. முள் தைத்தால் தெரியாது, கல் குத்தினால் தெரியாது, அடுப்புக் கங்கை மிதித்தால் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தெரியும். ஆறு வருஷமாய் இப்படி.

அந்தக் காலோடு அவர் பஸ்ஸுக்குப் போக வேண்டுமென்றால் மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். முந்நூறு அடி தார் ரோடு, ஒரு மரம் கிடையாது. கீழத்தெரு ஆட்கள் அந்தத் தெரு முனையில் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள், மறு முனையில் போய்ப் போட்டுக்கொள்வார்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. இப்பவெல்லாம் அந்த மாதிரி எதுவும் கிடையாது என்றுதான் மேலத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சொல்லிக்கொண்டே காலைப் பார்ப்பார்கள். சுற்று வழி ஒன்று இருந்தது. அது கருவேலங்காட்டுக்குள் போகிற வழி, அதில் மண்ணைவிட முள் அதிகம்.

அந்த வருஷம் பங்குனித் திருவிழாவில் முத்தாலம்மனுக்கு விழுந்த கருங்கிடாவின் தோல் வழக்கப்படி குருவம்மா வீட்டுக்கு வந்தது. கறி ஊருக்கு, தலை பூசாரிக்கு, தோல் கீழத்தெருக் கடைசி வீட்டுக்கு என்பது கோயிலுக்குச் சுவர் எழுப்புவதற்கு முன்பிருந்தே உள்ள பங்கு. அவள் உப்புத் தடவி, ஊறப்போட்டு, சுண்ணாம்பில் பத்து நாள் கிடத்தி, முடி வழித்து, சவ்வு சுரண்டி, தவிட்டுத் தண்ணீரில் அலசி, பழைய சாற்றில் இறக்கலாம் என்று இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்த நேரத்தில், எல்லப்பன் கொல்லை வாசலில் வந்து நின்றார். சித்திரை மாத உச்சி வெயிலில் மேலத்தெரு தார் ரோட்டில், வழக்கப்படி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருந்தார். சிரித்த முகமாய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர் வந்த தடமெல்லாம் உள்ளங்கால் தோல் உரிந்து உரிந்து ஒட்டியிருந்தது.

எத்தனையோ ஆயிரம் தோலைக் கையால் தொட்டவள் குருவம்மா. அந்தத் தோலைப் பார்க்க மட்டும் அவளால் முடியவில்லை. கையில் இருந்ததைப் பக்கத்தில் இருந்த தாழியில் போட்டுவிட்டு ஓடினாள், தோளில் சாய்த்துக்கொண்டு போய்ப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாள். பக்கத்தில் இருந்தது நான்காவது தாழி.

இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இடதுகால் சுண்டுவிரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு புண் வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான், வேறு வழி இல்லை என்று டாக்டர் குருவம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். செருப்பில்லாமல் ஓரடிகூட எடுத்து வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் சரி, தெருவிலும் சரி என்றார். நல்ல டாக்டர்தான், அவருக்கு மேலத்தெரு தெரியாது.

வீட்டுக்கு வந்து புருஷனைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுத் தாழியைத் திறந்தாள். தோல் பேரீச்சம்பழ நிறத்தில் மொழுமொழுவென்று கிடந்தது. பதம் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஓரத்தில் ஒரு நறுக்கு வெட்டிப் பார்ப்பது வழக்கம். இறங்காமல் பச்சையாக இருந்தால் வெட்டுவாயின் நடுவே வெள்ளைக்கோடு தெரியும். வெட்டினாள். நடுவே சிவப்புக்கோடு தெரிந்தது, கோட்டின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் திரண்டது, தோல் சுருக்கென்று தன்னை இழுத்துக்கொண்டது. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஆடு செத்து நாற்பது நாளுக்குமேல் ஆகியிருந்தது.

குருவம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“சாறு மாறிப்போச்சு மாமா. மேல சட்டுன்னு மூடிக்கிச்சு, உள்ள பச்சையா நிக்கிது. உசுரு வெளிய போக வழியில்லாமக் கெடக்கு.”

அவளுடைய வருத்தமெல்லாம் வேலை கெட்டுப்போனதைப் பற்றித்தான். முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு தப்பு வந்ததில்லையே என்று அன்றைக்கெல்லாம் புலம்பினாள். உயிருள்ளதைப் புதைக்க மனசு வரவில்லை, மறுபடி சாற்றில் போட்டாலும் பிரயோஜனமில்லை. விளக்கெண்ணெய் தடவி வேப்பமர நிழலில் கொடியில் போட்டாள். எண்ணெய் தடவும்போது தோல் சுகமாய் நெளிந்து கொடுத்தது.

பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்க வந்தவள் கொடியில் கிடந்த தோல்மேல் ஈ உட்காருவதையும், தோல் ஆட்டு முதுகு மாதிரி வெடவெடவென்று உதறி ஈயை விரட்டுவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், ஈ பிடுங்குது, ஒரு கொத்து வேப்பங்குழை கட்டிவிடேன் என்று சொல்லிவிட்டு உப்பை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாளைக்குள் கீழத்தெரு முழுக்க அந்தத் தோலைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்தது. அதற்கு இரை வைக்க வேண்டுமா என்று விவாதித்து, வாய் இல்லாததால் வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். வெயில் ஏறினால் வியர்த்தது, விசிறிவிட்டார்கள். மழை வருவதற்கு முந்தின நாள் முடியில்லாத மேனியெல்லாம் புள்ளி புள்ளியாய்ச் சிலிர்த்தது. அதைப் பார்த்து மூன்று பேர் கடலைக்கொடியை அள்ளி உள்ளே போட்டார்கள், அவர்கள் கொடி மட்டும் நனையாமல் தப்பியது.

அதற்குப் பிறகு மேலத்தெருவால் சும்மா இருக்க முடியவில்லை. முதலில் நிலம் வைத்திருக்கிற சம்சாரிகள் வந்தார்கள், மழை எப்போது என்று தோலைப் பார்த்துப் போக. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள், வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு வேலிக்கு உள்ளே வந்தார்கள். பிறகு மூக்கிலிருந்து கையை எடுத்தார்கள். மேலத்தெருப் பெரிய வீட்டு மருமகள் தங்கமயில், நான்கு மாதக் கைக்குழந்தை மூன்று நாளாய் ஓயாமல் வீரிட்டு அழுவதைத் தாங்க முடியாமல், மாமனார் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “ஏ குருவம்மா, அந்தத் தோல கொஞ்சம் கீழ விரி” என்றாள். அவளைவிட முப்பது வயசு மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். குருவம்மா விரித்தாள். குழந்தை அந்தச் சூட்டில் கவிழ்ந்து படுத்து, இரண்டு விக்கல் விக்கிவிட்டுத் தூங்கிப்போனது.

அப்புறம் தினமும் குழந்தைகள் வந்தன. மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள். தோலை மிதித்துவிடக் கூடாது, பாவம், நோகும் என்று எல்லோரும் கொல்லை வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். மேலத்தெருச் செருப்புகள் கீழத்தெருக் கடைசி வீட்டு வாசலில் ஜோடி ஜோடியாய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததைக் குருவம்மா பார்த்தாள். கால்நடைக் கணக்கெடுப்புக்கு வந்த உத்தியோகஸ்தர் தோலை நீள அகலமாய்ப் பார்த்து, காது இருந்தால் எண் வில்லை மாட்டலாம், காதும் இல்லையே என்று கவலைப்பட்டு, கடைசியில் வெள்ளாடு ஒன்று, படுத்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். பூசாரி சங்கிலியாண்டி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அம்மனுக்கு விழுந்த கிடா இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் அம்மன் அதை முழுசாக ஏற்கவில்லை என்று அர்த்தம், தோலைக் கோயிலில் கொண்டுவந்து தொங்கவிட வேண்டும் என்றார். கறியைத் தின்று செரித்தவர்களைக் கேட்டுவிட்டு வாருங்கள், தோல் எங்கள் பங்கு என்று குருவம்மா அமைதியாகச் சொன்னாள். பூசாரி அன்றைக்குத் திரும்பிப் போனார், ஆனால் தினமும் வந்தார்.

குருவம்மாவின் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கல்லையும் முள்ளையும் சூட்டையும் உணர்கிற தோல் ஒன்று வீட்டில் இருக்கிறது. எதையும் உணராத கால் ஒன்றும் இருக்கிறது. இந்தத் தோலை அடியில் வைத்துச் செருப்புத் தைத்துப் போட்டால், காலுக்குத் தெரியாததைச் செருப்பு சொல்லிவிடாதா? இதை அவள் எல்லப்பனிடம் சொன்னபோது அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பகலெல்லாம் அந்தத் தோலுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பது அவருக்குப் பழகியிருந்தது.

“ஓரத்துல ஒரு நறுக்கு வெட்டுனதுக்கே துடிச்சுச்சுன்ன. வலின்னா என்னன்னு எனக்கு மறந்தே போச்சு புள்ள. அது தெரிஞ்ச உசுரு ஒண்ணு வீட்டுல இருக்கு, அதப் போயி அறுக்கச் சொல்றியே.”

ஊரும் அவர் பக்கம்தான் நின்றது. தூங்காத குழந்தைகளுக்கும் மழைக்கும் மூட்டுவலிக்கும் ஆன தோலை ஒருத்தர் காலுக்காக வெட்டுவதா என்று தங்கமயில்கூடக் கேட்டாள். ஆனால் டாக்டர் சொன்ன வார்த்தை அவள் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. எல்லப்பன் எழுந்து நான்கு எட்டு வைத்தால்கூட அவள் வேலையை விட்டுவிட்டு அவர் காலையே பார்த்தாள்.

ஆடி மாதம் ஒரு காலையில் எல்லப்பன் செருப்பு மாட்ட மறந்து வாய் கொப்பளிக்க வேலியோரம் போய்வந்தார். கட்டிலில் ஏறப் போனவர் தடுமாறி, குழந்தைகளுக்காக விரித்திருந்த தோலின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் இடதுகால் தோல்மேல் பட்டதும் தோல் முழுக்க நடுங்கியது. பிறகு நான்கு மூலையும் மடங்கி எழுந்து வந்து அந்தக் காலைச் சுற்றிக் கவ்விக்கொண்டது. இழுத்தார், விடவில்லை. சங்கிலியாண்டியும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து இழுத்தார்கள், விடவில்லை. குருவம்மா மண்டியிட்டுத் தோலை நீவிக்கொடுத்து, ஒரு மூலையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் சோடா பாட்டில் கண்ணாடித் துண்டு ஒன்று முளைத்திருந்தது. ஆழமாய்ப் போகவில்லை, அப்போதுதான் ஏறியிருந்தது. இடுக்கியால் பிடுங்கி எடுத்து, சுடுதண்ணீரில் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். கண்ணாடி வெளியே வந்த மறு நொடி தோல் தானாக அவிழ்ந்து தரையில் படுத்துக்கொண்டது.

பூசாரிதான் முன்னால் வந்து, அதுவே வந்து காலைப் பிடித்துவிட்ட பிறகு நடுவில் நமக்கு என்ன பேச்சு, அம்மன் கிடா நடந்து போகப் பிரியப்படுகிறது, வெட்டு குருவம்மா என்றார். எல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டே சரி என்றார்.

புண் ஆறட்டும் என்று பதினைந்து நாள் காத்திருந்தார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கால் அளவு எடுக்க எல்லப்பன் தோலின்மேல் ஏறி நின்றார். பாதத்தைச் சுற்றிக் கரியால் கோடு போட்டாள். கோடு போடும்போது தோல் கூச்சத்தில் நெளிந்தது. முதுகெலும்பு ஓடுகிற இடம்தான் தடித்த தோல், அடிக்கு அதுதான் தாங்கும் என்பதால் அந்த இடத்தில்தான் அவரை நிறுத்தியிருந்தாள். கத்தியைக் கல்லில் தீட்டிக் கட்டைவிரலில் பதம் பார்த்தாள். தோலில் கத்தி வைத்தால் எடுக்கக் கூடாது. நடுவில் எடுத்தால் வெட்டுவாய் பிசிறிப்போகும், பிசிறிய அடி நூறு நாள் தாங்காது. குதிகாலில் வைத்து இழுத்தாள்.

தோல் துடிக்கவில்லை. எல்லப்பன்தான் துடித்தார்.

“வலிக்குது புள்ள.”

“எங்க மாமா?” கையை எடுக்காமலே கேட்டாள்.

“கால்ல. குதிகால்ல. அய்யோ, நல்லா வலிக்குது.”

கத்தி பாதத்தின் வெளிவளைவில் போனது, அவருக்கு வெளிவளைவில் வலித்தது. விரல்களைச் சுற்றிப் போனது, இருக்கிற நான்கு விரலும் வலித்தன, இல்லாத சுண்டுவிரலும் சேர்ந்து வலித்தது. ஆறு வருஷமாய் வராத வலியெல்லாம் வந்து வரிசையில் நிற்க, எல்லப்பன் பூசாரியின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். குருவம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கண்ணை மறைத்தால் கோடு தவறிவிடும் என்று விழுங்கிக்கொண்டே வெட்டினாள். ஒரு மயிரிழை பிசிறில்லாமல் தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து முடித்தாள். சுற்றி நின்றவர்களுக்கு அன்றைக்குத்தான் அவள் கை எப்பேர்ப்பட்ட கை என்று கண்ணால் தெரிந்தது. எல்லப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னொரு காலும் இருக்கு, அதையும் வெட்டு என்றார்.

வெட்டின விளிம்புகளில் மஞ்சளை அரைத்துப் பூசினாள், மூன்று நாளில் பொருக்குத் தட்டியது. மேலே மெத்தென்று சாதாரணத் தோல், தரையைத் தொடுகிற பக்கம் கிடாத்தோல் என்று வைத்து, வார் கோத்துத் தைத்தாள். செருப்பைத் தண்ணீரில் நனைத்தபோது, கொடியில் கிடந்த மிச்சத் தோலும் நனைந்தது. எல்லப்பன் செருப்பைப் போட்டுக்கொண்டு கொல்லையில் நடந்தபோது, மிச்சத் தோலில் இடது வலது, இடது வலது என்று குழி விழுந்து விழுந்து நிமிர்ந்தது. எல்லாம் ஒரே கிடா, சேதி போகாமல் இருக்குமா என்று ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. எல்லப்பன் அடிக்கொரு தடவை நின்று, கல் என்றார், மண் என்றார், ஈரம் என்றார், பாயசம் குடிக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் ருசித்துச் சொன்னார்.

ஆவணி முதல் வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மத்தியான பஸ். வெயில் சித்திரையை மிஞ்சி அடித்தது. எல்லப்பன் வெள்ளை வேட்டி கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். குருவம்மா கூட வருகிறேன் என்று சேலையை மாற்றப் போனாள்.

“நீ வர வேணாம். நீ வந்தா, ஒனக்காகத்தான் நடந்தேன்னு ஆயிரும்” என்றார்.

மேலத்தெருவைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்ற வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. சொன்னால் அந்தச் சுமையும் அவர் தலையில் ஏறும். கழற்றினால் கால் போய்விடும், கழற்றாவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அவர் போன பிறகு கொல்லையில் விரித்திருந்த தோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது உள்ளங்கையை அதன்மேல் பதித்துக்கொண்டாள். தோலின் ஒரு மூலையில் தங்கமயிலின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தங்கமயில் பக்கத்தில் இருந்தாள். பூசாரி வேப்பமரத்தில் சாய்ந்திருந்தார்.

இடது வலது, இடது வலது என்று குழி விழுந்தது. இப்போது சரளைக்கல் என்றாள் குருவம்மா. இப்போது வாய்க்கால் பாலம், குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள். இப்போது மணல். பிறகு குழி விழுவது நின்றது. மேலத்தெரு முனைக்கு வந்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கழற்றினால் தோல் ஆறிப்போய் அசையாமல் கிடக்கும். அசையாமல்தான் கிடந்தது. குருவம்மா உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். நாற்பது வருஷமாய் அந்த இடம் வந்ததும் தானாகக் குனிந்து பழகிய முதுகு அது, அவளுக்குத் தெரியாதா.

திடுமென்று உள்ளங்கை சுட்டது. அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லைத் தொட்டது போலச் சுட்டது. இடது, வலது.

“தாரு” என்றாள் குருவம்மா. “போட்டுக்கிட்டேதான் போறாரு.”

தங்கமயில் குழந்தையைச் சூடு படாமல் அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். ஐம்பது அடி போயிருக்கும், நூறு அடி போயிருக்கும். நடுத்தெருவில் குழி விழுவது மறுபடி நின்றது. நின்ற இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போனது, குதிகால் குழியில் மெல்லிசாய் ஒரு நடுக்கம் ஓடியது. நடுத்தெரு என்றால் எங்கள் வீட்டு வாசல், மாமனார் இந்நேரம் வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் என்றாள் தங்கமயில். சொல்லிவிட்டுக் குழந்தையைப் பூசாரியின் கையில் திணித்துவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள், அவசரத்தில் செருப்பு காலில் ஏறவில்லை.

“இருங்க தாயி” என்று குருவம்மா கூப்பிட்டாள். “நடக்குறாரு.”

இடது, வலது. முன்னைவிட அழுத்தமாய்க் குழி விழுந்தது. இடது, வலது, இடது, வலது. தெரு முடிகிறவரைக்கும் ஒரு அடிகூடப் பிசகவில்லை. பிறகு சூடு தணிந்து நிழல் வந்தது, பஸ் நிற்கிற புளியமரத்து நிழல். தங்கமயில் திரும்பி வந்து குருவம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தாண்டிட்டாராக்கா என்று கேட்டாள். தாண்டிட்டார் என்றாள் குருவம்மா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

எல்லப்பன் நாலு மணி பஸ்ஸில் இறங்கி, வந்த வழியே வீட்டுக்கு வந்தார். புண் எதுவும் இல்லை, கால் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். அதைக் கேட்க மட்டும் அவள் காத்திருக்கவில்லை என்று அவருக்கும் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பெரிய வீட்டுக்காரரு நிறுத்திட்டாரு. கால்ல என்ன எல்லப்பா, கழட்டலையான்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“கழட்டுனா வலிக்கும்னு சொன்னேன்.”

அந்தப் பெரிய மனுஷன் அதற்கு என்ன சொன்னார் என்று கேட்டாள். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு நீட்டியிருந்த தன் காலை மடக்கிக்கொண்டார், நான் நடந்தேன் என்றார் எல்லப்பன். குருவம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கப் போனவர் அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கச் சிவந்து கன்றியிருந்தது.

“கையில என்ன புள்ள இது?”

“நீங்க நடந்தீங்கள்ல மாமா” என்றாள், “அதுதான்.”